தேதி முடிந்தது மருந்துக்கா, உரிமைக்கா?

கேள்வி: சொரியாசிஸ் மாத்திரை ஒன்றுக்கு பேடன்ட் முடியப்போவதாகப் பேப்பரில் படித்தேன். வீட்டில் அதே மாத்திரை ஓர் அட்டை இருக்கிறது. தூரப் போட்டுவிடவா?
(ஒரு வாசகி, திசையன்விளை)

பதில்: போட்டுவிடாதீர்கள் அம்மா! முடிவது கம்பெனியின் தனியுரிமை. மாத்திரையின் ஆயுள் அல்ல. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் பேடன்ட் காலம். அது முடிந்தால் பல கம்பெனிகள் களத்தில் இறங்கும், விலையும் இறங்கும். நமக்கு நல்ல சேதிதான். சொரியாசிஸுக்குக் கொடுக்கும் அப்ரமிலாஸ்டைப் பாருங்கள். 2017இலேயே கிளென்மார்க் அதை இந்தியாவில் விற்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்க நோயாளிகளோ ஜெனரிக்குக்காக 2028 வரை காத்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அட்டையில் அச்சடித்த தேதியை மட்டும்.

கேள்வி: ஆயின்மென்ட் டியூபில் எக்ஸ்பயரி மாதம் மட்டும் இருக்கிறது. ஒன்றாம் தேதியே காலாவதியா?

பதில்: இல்லை, அந்த மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளிலேயே இது இருக்கிறது. ஆனால், அட்டைப்பெட்டியில் சொன்னபடி வைத்திருந்தால்தான் அந்தக் கணக்கு. 25 டிகிரிக்குள் வைக்கச் சொன்ன டியூபை, சித்திரை வெயிலில் உவரிக்குப் போய்வரும் பைக் பெட்டியில் போட்டுவைத்தால் தேதி என்ன செய்யும்? பிதுக்கும்போது முதலில் தண்ணீராக வந்தாலோ, நிறமோ வாடையோ மாறியிருந்தாலோ, நாள் மிச்சமிருந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று. தேதியைப் பெரும்பாலும் டியூபின் மடித்த வால்பகுதியில்தான் குத்தியிருப்பார்கள். நாமோ சிக்கனமாக வாலிலிருந்தே சுருட்டிச் சுருட்டிப் பிதுக்குகிறோம். பாதி மருந்து தீர்வதற்குள் தேதி சுருளுக்குள் போய்விடும். பெட்டியையும் அன்றைக்கே குப்பையில் போட்டிருப்போம். வாங்கிய அன்றே எக்ஸ்பயரியையும் திறந்த நாளையும் டியூபின் கழுத்தருகே பேனாவால் எழுதிவிடுங்கள். திறந்தபின் எத்தனை நாள் தாங்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், மெடிக்கலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணனுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ஆயின்மென்ட் மிச்சம் இருக்கிறது, தேதியும் இருக்கிறது. என் படர்தாமரைக்குப் போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அது குளோபெட்டசால் மாதிரி ஸ்டீராய்டாக இருந்தால் அரிப்பு உடனே அடங்கும். அடியில் பூஞ்சை செழித்துப் பரவும். வாரக்கணக்கில் பூசிவிட்டு, தொடை முழுக்கப் படர்ந்தபின் வருகிறவர்கள் ஏராளம். லேபிளில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்து. 2018இல் பல ஸ்டீராய்டு களிம்புகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. ஏற்கெனவே பூசியிருந்தால் அந்த டியூபையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.