இலவசக் குடை யாரிடமாவது இருக்கிறதா?

திரேஸ்புரம் வாசகர்: அண்ணாச்சி, 'கப்பலோட்டிய தமிழன்' படத்துக்கு அப்போது கொடுத்த பேட்ஜ், நோட்டீஸ், பாட்டுப் புத்தகமெல்லாம் சேர்க்க ஆசை. வ.உ.சி. துறைமுகத்துப் பக்கம் தேடினால் கிடைக்குமா?

துறைமுகமே படத்துக்குத் தம்பிதான், தம்பி. படம் வந்தது 1961 நவம்பரில். அன்றைக்குத் தூத்துக்குடியில் பெரிய கப்பல்கள் கரைக்கு எட்டத்தில் நிற்கும்; சரக்கு தோணியில் போய்வரும். இப்போதுள்ளது பெருந்துறைமுகமானது 1974-இல், அதற்கு வ.உ.சி. பெயர் வைத்தது 2011-இல். வ.உ.சி.யாகச் சிவாஜி திரையில் சொன்னதைத் துறைமுகம் காதில் வாங்க ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது.

பேட்ஜ் என்று யாராவது நீட்டினால் முதலில் சந்தேகப்படுங்கள். அந்தக் காலத்துச் சினிமா விளம்பரம் பெரும்பாலும் காகிதம். வண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்து நோட்டீஸ் வீசுவார்கள். கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். அதில் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் பார்க்கச் சொல்வது வழக்கம். வ.உ.சி. செக்கிழுத்தது வரை ஊருக்கே தெரிந்த கதையில் எதை மறைத்திருப்பார்கள்? அதைப் பார்க்கவாவது ஒரு பிரதி எனக்கும் வேண்டும்.

மதுரை வாசகர்: படம் சரியாக ஓடவில்லையே. அதன் காகிதத்தை யார் வாங்குவார்கள்?

ஓடாததுதான் அதன் யோகம். தேசிய விருது வந்தது, வசூல் வரவில்லை. தயாரித்து இயக்கிய பி.ஆர்.பந்துலு கையைச் சுட்டுக்கொண்டார். ஓடின படத்துக்கு அச்சகம் திரும்பத் திரும்ப ஓடும். ஓடாத படத்தின் நோட்டீஸில் மறுநாளே பட்டாணி மடித்துக் கொடுத்துவிடுவார்கள். தப்பித்தது கொஞ்சம்; அதனால்தான் கிராக்கி.

புன்னைக்காயல் வாசகி: பழைய பேப்பர் கடையில் கட்டாகத்தான் தருவேன் என்கிறார்கள். பிரித்துப் பார்க்க விடமாட்டார்களாம்.

உங்கள் கடற்கரைக்கு இது புதுசா அம்மா? முத்துக்குளிக்கும் சலாபத்தில் சிப்பியைத் திறக்காமலே குவித்து ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து உண்டா, வெறும் சதையா என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரியும். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்ததும் இதே 1961-இல்தான். பேப்பர் கடையில் ஒரு வசதி: நாற்றம் அடிக்காது.

பழசுதானா என்று பார்க்க, தாளைத் திருப்பி விரலால் தடவுங்கள். ஈய எழுத்து கோத்து அடித்தது என்றால் பின்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். வழவழவென்று இருந்தால் போன வாரத்து ஜெராக்ஸாகவும் இருக்கலாம். தைத்த கம்பி துருப்பிடித்து, அந்தக் கறை தாளிலும் இறங்கியிருந்தால் நல்ல சகுனம். ஆனால் உப்புக்காற்றில் துரு சீக்கிரம் பரவும். கம்பியை உருவிவிட்டு, பருத்தி நூலால் தையுங்கள். ராமபாணப் பூச்சி தனி விரோதி.

சிவகாசி வாசகர்: இதையெல்லாம் சேர்ப்பது வெட்டிவேலை என்கிறார் என் மாமனார்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரையும் அப்படிச் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். புத்தகங்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கசக்கிப் போட்டதையும் அவர் எடுத்து வைத்தார். அந்தச் சேகரிப்பில் உருவான நூலகத்துக்குத்தான் இன்று ஆராய்ச்சியாளர்கள் சென்னைக்கு விமானம் ஏறி வருகிறார்கள். மாமனாரையும் ஒருமுறை தரமணியிலுள்ள அந்த நூலகத்துக்கு அழைத்துப் போங்கள்.

ஒட்டப்பிடாரம் வாசகர்: எது கிடைத்தால் நீங்கள் துள்ளிக் குதிப்பீர்கள்?

ஒரு குடை. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, இருபத்தைந்து ரூபாய் பங்கு விற்றுக் கொழும்புக்குக் கப்பல் விட்டாரல்லவா? போட்டிக்கு வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இவரும் குறைத்தார். கடைசியில் அவர்கள் பயணமும் இலவசம், கூட ஒரு குடையும் இலவசம் என்றார்களாம். நம் ஊரின் முதல் விளம்பரப் பொருள் அதுதான் என்பது என் கட்சி. சுதேசிக் கம்பெனியின் பங்குப் பத்திரம் கிடைத்தால் கும்பிட்டு வாங்குவேன். ஆனால் அந்தக் குடையை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறியவர் வீட்டுப் பரணில் அது இன்னும் இருந்தால், எடுத்துக் காட்டும் துணிச்சல் யாருக்கு வரும்?

சென்னை வாசகர்: 2016-இல் வாங்கிய 'கபாலி' பட வெள்ளிக்காசு வைத்திருக்கிறேன். விலை ஏறுமா?

வெள்ளி ஏறினால் ஏறும்.