உயர்த்திய பிக்கப்பில் போல்ட் கழல்தல்: பரபக்கமும் சுபக்கமும்

அமெரிக்காவில் பிக்கப் வாங்குவோரில் ஒரு சாராருக்குத் தொழிற்சாலை கொடுத்த உயரம் போதுவதில்லை. லிஃப்ட் கிட் வாங்கி வண்டியை நான்கு அங்குலமோ ஆறு அங்குலமோ தூக்கி, அந்த இடைவெளியில் பெரிய டயரைத் திணிக்கிறார்கள். பெருமிதம் சில வாரம் நீடிக்கும். அப்புறம் வேகத்தடை ஏறும்போதெல்லாம் அடியிலிருந்து ‘டொக்’ என்றொரு சத்தம். குனிந்து பார்த்தால், சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் போல்ட் தளர்ந்திருக்கிறது. இறுக்குகிறார்கள், அடுத்த மாதம் மறுபடியும் டொக். இந்தப் பிணிக்கு மருந்து சொல்லும் மதங்கள் பல. பிறர் மதத்தை மறுக்கும் பரபக்கத்தை முன்னும், தன் மதத்தை நாட்டும் சுபக்கத்தைப் பின்னும் வைப்பது நம் சாத்திர மரபு. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பவருக்கும் அந்த மரபு உதவும். நம் துணிபு இது: கழன்ற போல்ட் வெறும் சாட்சி, குற்றம் அது பிடித்திருக்கும் பாகங்களுடையது.

பரபக்கத்தில் முதலில் வருவோர் இறுக்குவாதிகள். கழன்றதா, இன்னும் பலமாக இறுக்கு என்பதே இவர்கள் வேதம். நீளமான குழாயை ஸ்பேனரில் செருகித் தொங்குவது இவர்கள் வழிபாடு. முறுக்கும் விசையில் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் உராய்வாகவே செலவாகிவிடுகிறது. எஞ்சிய ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து நீட்டிப் பிடிப்பைத் தருகிறது. துருவேறிய மரையில் அந்த ஒரு பங்கும் ஐயம். மரை சுத்தமாக இருந்து மிகையாக முறுக்கினாலோ, போல்ட் மீளாத அளவுக்கு நீண்டு சோர்ந்துபோகும். அடுத்து வாஷர்வாதிகள்: வெட்டு விழுந்த ஸ்பிரிங் வாஷர் போட்டால் தீர்ந்தது என்பார்கள். நாசா 1990-இல் வெளியிட்ட போல்ட், நட்டு வடிவமைப்புக் கையேடு இவர்களிடம் இரக்கம் காட்டவில்லை. முழுதும் இறுக்கியதும் அந்த வாஷர் தட்டையாகிவிடுகிறது. அதற்குப் பின் சாதாரண வாஷருக்கும் அதற்கும் வேறுபாடில்லை. மூன்றாமவர் பசைவாதிகள். இவர்களை எளிதில் தள்ளிவிட முடியாது. ஹார்ட்ஃபோர்டில் டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னான் கிரீபிள் 1953-இல் உருவாக்கிய லாக்டைட், காற்றுப் படாத மரையிடுக்கில் கெட்டியாகி நட்டைச் சுழலவிடாமல் தடுக்கிறது. ஆனால் சுழற்சியைத் தடுப்பது வேறு, பிடிப்பைக் காப்பது வேறு. பிடிப்பு போனபின் நட்டு அசையாமல் நிற்பதால் யாருக்கு என்ன லாபம்?

இனி சுபக்கம். மரை என்பது சுருட்டி வைத்த ஒரு சரிவுப் பாதை. 14 மி.மீ. போல்ட்டில் அந்தச் சரிவு ஏறத்தாழ 3 பாகை. சாதாரண உராய்வோ 8 பாகைச் சரிவைக்கூடத் தாங்கிவிடும். ஆகவே நட்டு தானாக இறங்கக் கூடாது; ஆனாலும் இறங்குகிறது. ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் இதற்கு விடை காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வு அதிகத் தீங்கு செய்வதில்லை. பிடிபட்ட பாகங்கள் குறுக்குவாக்கில் வழுக்கும்போதுதான் மரையின் உராய்வு செயலற்றுப்போய் நட்டு பின்னோக்கிச் சுழல்கிறது. அவர் பெயரால் வழங்கும் சோதனை எந்திரம் இன்றும் போல்ட்டுகளைக் குறுக்கே ஆட்டித்தான் பரிசோதிக்கிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி, நட்டு ஏன் சுழன்றது என்பதன்று. பாகங்கள் ஏன் வழுக்கின என்பதே.

வண்டியைத் தூக்கும் வேலையில் வழுக்கலுக்கு வாசல்கள் ஏராளம். 14 மி.மீ. துளையில் கிட்டோடு வந்த அரை அங்குல போல்ட்டைப் போட்டால், அதன் விட்டம் 12.7 மி.மீ.தான், 1.3 மி.மீ. ஆட்டம் இலவசம். இன்னொரு வாசல் பளபளக்கும் பவுடர் பூச்சு. 100 மி.மீ. தடிமனைப் பிடிக்கும் உயர்தர போல்ட் முறையாக இறுக்கினால் கால் மி.மீ. அளவே நீளும், அந்த நீட்சிதான் பிடிப்பின் முழு மூலதனம். பூச்சின் கனம் ஒரு முகத்துக்கு 0.06 முதல் 0.08 மி.மீ. கன்ட்ரோல் ஆர்மைத் தாங்கும் பிராக்கெட்டின் இரு காதுகளுக்கும் உள்ளும் புறமுமாக நான்கு முகம் என்றால், கூட்டுத்தொகை அந்தக் கால் மி.மீ.யைத் தொட்டுவிடும். அதில் மூன்றில் ஒரு பங்கு நசுங்கி ஒதுங்கினாலும் பிடிப்பில் மூன்றில் ஒன்று அழகுக்குக் காணிக்கை. எல்லாவற்றிலும் கொடியது, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுதும் இறுக்குவது. கன்ட்ரோல் ஆர்மின் முனையில் போல்ட் நுழையும் புஷ்ஷின் ரப்பர் தன் உள்குழாயோடு ஒட்டியிருப்பது. தொங்கிய நிலையில் குழாயைப் பூட்டிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால், நின்றுகொண்டிருக்கும்போதே ரப்பர் முறுக்கேறி இருக்கும். ஒவ்வொரு பள்ளமும் அதை மேலும் முறுக்கும். ஒன்று ரப்பர் கிழியும், அல்லது உள்குழாய் பிராக்கெட்டுக்குள் வழுக்கும்.

‘பெரிய டயர், பெரிய அதிர்வு, அதுவே காரணம்’ என்பாரும் உளர். ஃபோர்டு எஃப் வரிசை 1977 முதல் அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் பிக்கப். அவற்றில் பெரும்பாலானவை அதே குண்டும் குழியுமான சாலைகளில் போல்ட் கழலாமலே ஓடுகின்றன. பெரிய டயர் பளுவைக் கூட்டுகிறது, மெய்தான். ஆனால் நல்ல பிடிப்புள்ள இணைப்பில் அது வழுக்கலை உண்டாக்குவது அரிது. இன்னொரு சான்றும் உண்டு. நட்டின் மேலும் பிராக்கெட்டின் மேலும் சேர்த்துப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைப்பது மெக்கானிக்குகள் வழக்கம். கோடு இம்மியும் விலகாமலே டொக் சத்தம் கேட்கும் வண்டிகள் உண்டு. அங்கே நட்டு சுழலவே இல்லை. பூச்சு நசுங்கியோ துளை நீள்வட்டமாகத் தேய்ந்தோ பிடிப்பு மட்டும் போயிருக்கிறது. இதற்குப் பசைவாதிகளிடம் பதில் இல்லை.

ஆகவே அடுத்த முறை ஸ்பேனரை எடுப்பவர் போல்ட்டை இறுக்காமல் கழற்றுக. பிராக்கெட்டின் உள்முகத்தில் பளபளப்பான தேய்மானம் இருந்தால் அங்கே வழுக்கல் நடந்திருக்கிறது. துளை நீண்டிருந்தால் வெல்டிங் பட்டறைக்குப் போகவும். பூச்சைச் சுரண்டி, துளைக்கேற்ற விட்டத்தில் புதிய போல்ட் போட்டு, சக்கரம் தரையில் வண்டியின் முழுப் பாரத்தைச் சுமக்கும் நிலையில், டார்க் ரெஞ்சால் உரிய அளவுக்கு இறுக்குக. சில நூறு மைல் ஓடியபின் ஒருமுறை சரிபார்க்க. இவ்வளவுக்குப் பொறுமை இல்லாதவர்களுக்குச் சாத்திரம் அனுமதிக்கும் மாற்று வழி ஒன்றுதான்: லிஃப்ட் கிட்டைக் கழற்றிவிட்டு, வண்டியைப் பழைய உயரத்துக்கே இறக்கிவிடலாம்.