ஆல்வேஸ் கிராணி

ஜாசின் பக்கத்துத் தாமான்களில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். தோட்டத்தில் செக்ரோல் எழுதியே தலை நரைத்து, தோட்டம் கைமாறியதும் டவுனுக்கு வந்து, அஞ்சடியில் பெஞ்சு போட்டு ஆங்கிலத் தியூசன் நடத்தும் பழைய கிராணி. படித்தது மலாக்கா ஹை ஸ்கூலில். அது 1826இல் தொடங்கியது என்று அவர் சொல்லும் தோரணையைப் பார்த்தால், திறப்பு விழாவன்றே பெயர் கொடுத்துச் சேர்ந்தவரோ என்று தோன்றும்.

மற்ற இலக்கணத்தில் ஆள் கொஞ்சம் தாராளம். ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், நெவர் ஆகிய ஐந்தும் மட்டும் இடம் மாறி நிற்கக் கூடாது. யார் தினமும் வந்தான், யார் அத்திபூத்தாற்போல் வந்தான் என்று காலமெல்லாம் எழுதிய கை அல்லவா?

"ஹீ கம்ஸ் ஆல்வேஸ் லேட்" என்று ஒரு பையன் எழுதிவிட்டால் அன்றைக்குப் பெரட்டுதான்.

"ஆல்வேஸ் யாருடா? தண்டல். கம்ஸ், கோஸ், ஈட்ஸ் எல்லாம் வேலைக்காரங்க. தண்டல் அவங்களுக்கு முன்னால நிக்கணும். ஹீ ஆல்வேஸ் கம்ஸ் லேட். 'இஸ்' வந்துட்டா? அது தொரை. தொரைக்கு முன்னால தண்டல் நிப்பானா? ஹீ இஸ் ஆல்வேஸ் லேட்."

"கேன், வில் எல்லாம், சார்?"

"சின்னத் தொரைங்க. அவங்களுக்கும் பின்னாலதான்."

"சம்டைம்ஸ் மட்டும் முன்னாலயும் வருது, கடைசியிலயும் வருதே?"

"அவன் காண்ட்ராக்ட் ஆளு. அவனுக்கு ஏது பெரட்டு?"

விதி என்னவோ சரிதான். சிக்கல் அடுத்த கேள்வியில்: "தண்டல்னா யாரு சார்?" தாமானில் பிறந்த பிள்ளைகள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் இலக்கணம் இல்லை, ரப்பர்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் மரம் வெட்டியது, பட்டை ஈரமாக இருந்தால் கத்தி வைக்காதது, எல்லாம் வரும். கடைசியில் அதுவே வாக்கியமாகிவிடும்: "வீ நெவர் டேப் வெட் ட்ரீஸ்." பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். தேர்வில் இது வருமா என்று எந்தப் பெற்றோரும் இதுவரை கேட்கவில்லை.

2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத்துக்கு நாலு தாள், பேச்சுக்கும் ஒன்று. அவருக்கு அது பொறுக்கவில்லை. "பேசுறப்ப ஆல்வேஸ் எங்க நின்னுச்சுன்னு யாருப்பா பாக்கப்போறா?"

உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பால்மரம் வெட்டிய அவர் மனைவி. பள்ளிக்கூடம் போனதில்லை, அடுப்படியில் இருந்தபடி எல்லா வகுப்பும் கேட்டவர். ஒரு சனிக்கிழமை வாசலுக்கு வந்து பையை நீட்டினார்: "என்னங்க, யூ நெவர் கோ மார்க்கெட்!"

பிள்ளைகள் சாரைப் பார்த்தார்கள். நெவர் நின்ற இடம் கச்சிதம். பேசாமல் பையை வாங்கிக்கொண்டு நடந்தார். 'டு தி' விட்டுப்போனது மீன்கடையில்தான் அவருக்கு உறைத்தது.