வலுமிகு பீரின் பருவம்: பரபக்கமும் சுபக்கமும்

வாங்கி வந்த பீர் புட்டியைத் திறப்பதா, மூடியபடியே வைப்பதா என்னும் வினா, மெய்யியலார் இதுகாறும் போதிய கவனம் செலுத்தாத வினாக்களுள் ஒன்றாகும். எளிய பீரைப் பொறுத்தவரை இவ்வினா எழுவதே இல்லை. 5 சதவீத அளவில் ஆல்கஹால் உள்ள வெளிர்நிற லாகர், ஆலையை விட்டு வெளியேறிய நாள்முதல் நலிவை நோக்கியே நடப்பதாகையால், அதை ஓராண்டு வைத்திருப்பவரைக் காத்திருப்பவர் என்பதினும் மறந்தவர் என்பதே பொருந்தும். இந்திய மதுக்கடைகளில் 'ஸ்ட்ராங்' என்ற அடைமொழியோடு விற்கப்படுவதும் பெரும்பாலும் இவ்வினத்து லாகரே ஆதலின், அதன் வலு எவ்வளவாயினும் அது இவ்வாய்வின் எல்லைக்குள் வாராது. ஈண்டு ஆராயப்படுவது 'பார்லி ஒயின்' எனப்படும் ஆங்கிலேய ஏல் வகைப் பீரும் அதன் சுற்றமுமாம். பெயரில் ஒயின் இருப்பினும் இதில் திராட்சைக்கு இடமில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியாகிய மால்ட்டை மிகுதியாகப் பெய்து, 8 முதல் 12 சதவீதம் வரை வலுவேற்றிக் காய்ச்சுவதால் ஒயினின் வலுவை எட்டுவதே இப்பெயருக்குக் காரணம்.

பிறர் கொள்கையை எடுத்துரைத்து மறுக்கும் பரபக்கத்தை முதலில் வைப்பது மரபு. இத்துறையில் உடனருந்துவாதிகள், மூப்புவாதிகள் என இரு சாரார் உளர். உடனருந்துவாதிகளின் முதற்சான்று ஹாப்ஸ். பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தரும் இக்கொடிப்பூவின் மணநெய்கள் சில மாதங்களிலேயே மங்கிவிடுகின்றன. கசப்பும் நாளடைவில் தேய்கிறது. புட்டிக்குள் எவ்வளவு முயன்றும் தங்கிவிடும் சிறிதளவு ஆக்சிஜன், நொனினால் முதலிய சேர்மங்களின் வாயிலாக, நனைந்த அட்டைப்பெட்டியின் வாடையைப் பீருக்கு ஏற்றுகிறது. கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலை காய்ச்சும் 8 சதவீதப் பீர் ஒன்று, கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது மாண்ட உரோம அறிஞரின் நினைவாக 'மூத்த பிளினி' என்று பெயர் பெற்றிருந்தும், அதனை மூப்படைய விடலாகாது என்று தன் சீட்டிலேயே கட்டளையிடுகிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு மூப்புடைய ஒருவரின் பெயரைத் தாங்கிய புட்டிக்கு மூப்பு ஆகாது என்பதில் உள்ள முரணை அவ்வாலையார் அறியாதிருக்க வழியில்லை.

வலு ஒன்றே நீடு வைத்தற்குப் போதிய தகுதியாகாது என்பது இதனால் பெறப்படும். இதற்கு மேலும் தெளிவான சான்று அதே மாநிலத்தின் தென்பகுதியிலுள்ள ஸ்டோன் ஆலையில் கிடைக்கிறது. அவ்வாலை 2002ஆம் ஆண்டு இரண்டாம் மாதம் இரண்டாம் நாளில் தொடங்கி 2012ஆம் ஆண்டு பன்னிரண்டாம் மாதம் பன்னிரண்டாம் நாள் வரை, ஆண்டுக்கு ஒன்றாகப் பதினொரு பீர்களை வெளியிட்டு, அனைத்தையும் சேர்த்துவைத்து இறுதியில் ஒருங்கே சுவைக்குமாறு அன்பர்களைப் பணித்தது. அப்பணி நிறைவுற்ற அதே 2012இல், குடித்து முடிக்கவேண்டிய நாளையே பெயராகப் பொறித்த 9.4 சதவீத ஐபிஏ ஒன்றையும், அதாவது ஹாப்ஸ் மிகுந்த ஏல் ஒன்றையும், அது வெளியிட்டு, சில வாரங்களுக்குள் குடித்துவிடுமாறு வற்புறுத்தியது. பத்தாண்டு காத்திருக்கப் பழகியவர்களை ஒரே ஆண்டில் அவசரக்காரர்களாக்கிய இச்செயலை உளவியலார் ஆராய்தல் நலம்.

மூப்புவாதிகளின் கூற்றும் வலுவற்றதன்று. புதுப்புளியைவிடப் பழம்புளியே குழம்புக்கு உகந்தது என்னும் இல்லத்தரசியரின் துணிவை ஒத்தது அவர்தம் துணிவு. கசப்பு தேயத் தேய மால்ட்டின் இனிப்பு மேலெழுகிறது. இளமையில் தொண்டையைச் சுடும் ஆல்கஹால் பிற சுவைகளோடு இணங்குகிறது. லாகரைக் கெடுக்கும் அதே ஆக்சிஜன், அடர்நிற மால்ட்டோடு சேருங்கால் உலர்திராட்சை, தேன், ஷெர்ரி ஒயின் ஆகியவற்றை நினைவூட்டும் சுவைகளை விளைக்கிறது. இங்கிலாந்தின் டார்செஸ்டர் நகரில் எல்ட்ரிட்ஜ் போப் ஆலை, நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி மறைந்து 40 ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு 1968இல் வெளியிட்ட 'தாமஸ் ஹார்டிஸ் ஏல்', 25 ஆண்டு வைத்திருக்கத் தக்கது என்ற உறுதிமொழியோடு விற்கப்பட்டது. அவ்வாலை 1999இல் அதைக் காய்ச்சுவதை நிறுத்திவிட்டமையால், பின்னாளில் வேறு ஆலைகள் அப்பெயரை எடுத்துக்கொண்டபோதிலும், இறுதிப் புட்டிகளின் உறுதிமொழி பொய்த்திருப்பின் முறையிட முகவரி இல்லாது போயிற்று. இலண்டனின் ஃபுல்லர்ஸ் ஆலை 1997 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டுவரும் 8.5 சதவீத 'விண்டேஜ் ஏல்' இவ்வழியில் வந்ததே.

இரு சாராரும் மறுக்கத்தக்கவரே. மூப்பினால் பீர் மேம்படுகிறது என்பதும் கெடுகிறது என்பதும் ஒரு நிகழ்ச்சிக்கு இட்ட இரு பெயர்கள். நிகழ்வது யாதெனில், ஒரு பீர் போய் வேறொரு பீர் வருவதே. திறந்த புட்டியை மீண்டும் மூடி மூப்புறச் செய்ய இயலாமையாலும், மூத்த புட்டியை இளமைக்கு மீட்க இயலாமையாலும், ஒரே புட்டியின் இரு நிலைகளையும் நாவால் ஒப்பிட்டவர் எவரும் இலர். இனி, புட்டியைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, 10 முதல் 13 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் இருட்டில் வைத்தல் வேண்டும் என்பதில் மட்டும் இரு சாராரும் உடன்படுகின்றனர். வெப்பம் மிகுந்தால் மூப்பு விரைந்து வருகிறது. ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப்பொருள் சிதைந்து, ஸ்கங்க் என்னும் அமெரிக்க விலங்கின் நாற்றத்தை ஒத்த நாற்றம் பிறக்கிறது. அந்நாற்றத்துக்கு ஆதரவான வாதிகள் எவரும் இதுவரை தோன்றவில்லை.

இனித் தன் கொள்கையை நிறுவும் சுபக்கம். திறப்பதா வைப்பதா என்று மனிதர் முடிவெடுக்கின்றனர் என்னும் அடிப்படை எண்ணமே பிழை என்பது இவ்வாய்வின் துணிபு. வரலாற்றில் நெடுங்காலம் மூத்த பீர்கள் யாவர் முடிவினாலும் மூத்தவை அல்ல. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரிலிருந்த பாஸ் நிறுவனம், தன் பங்காளியான ராட்கிளிஃப் குடும்பத்தில் ஆண்மகவு பிறந்ததைக் கொண்டாட 1869இல் காய்ச்சிய ஏலின் சில புட்டிகள் 2006இல் அந்நகரின் நிலவறையொன்றில் கண்டெடுக்கப்பட்டுச் சுவைக்கப்பட்டபோது அவை குடிக்கத்தக்கனவாகவே இருந்தன; எனினும் 137 ஆண்டு வைக்கவேண்டும் என்று எவரும் திட்டமிட்டிருக்கவில்லை. வலுமிகு பீர் அன்று எனினும் இங்குக் கருதத்தக்க இன்னொரு சான்று, பால்டிக் கடலில் ஓலந்து தீவுகளருகே 1840களில் மூழ்கிய கப்பலிலிருந்து 2010இல் மீட்கப்பட்டது. அதனை மோந்த வல்லுநர்கள் எரிந்த ரப்பர், கனிந்து மிஞ்சிய பாலாடைக்கட்டி, ஆடு ஆகியவற்றின் வாடைகளைப் பதிவு செய்தனர். ஆங்கிலேயப் பெருநிலக்கிழார்கள் மகன் பிறந்தவுடன் வலுவான ஏல் காய்ச்சி, அவனது 21ஆம் அகவையில் பீப்பாயைத் திறந்த வழக்கம் மட்டுமே உண்மையான முடிவு எனலாம். ஆயினும் அங்குக் காத்திருந்தவன் தொட்டிலில் கிடந்தமையால், அவனது பொறுமையைச் சான்றாகக் கொள்ளல் இயலாது.

வல்லுநர் கூறும் நடுநிலைத் தீர்வு, ஒரே பீரில் மூன்று புட்டி வாங்கி, ஒன்றை உடனேயும் ஒன்றை ஈராண்டு கழித்தும் மற்றொன்றை ஐந்தாண்டு கழித்தும் அருந்துக என்பதாம். கணக்கு முறையில் குறையற்ற இவ்விதி, நடைமுறையில் முதற்புட்டியோடு முறிந்துவிடுகிறது. முதற்புட்டி நன்றாயிருப்பின் இரண்டாவது அன்றிரவே திறக்கப்படுகிறது. இரண்டாவது திறக்கப்பட்டபின் மூன்றாவதன் கதி சொல்லாமலே விளங்கும். முதற்புட்டி நன்றாயிராவிடில், காலம் அதைச் சீர்படுத்தும் என்ற நம்பிக்கையில் மற்ற இரண்டும் நிலவறைக்குப் போகின்றன. ஆகவே உலக நிலவறைகளில் இன்று மூத்துக்கொண்டிருக்கும் புட்டிகளில் பெரும்பகுதி, ஒருகால் எவருக்கோ பிடிக்காமற்போன பீர் என்று கொள்ளல் தகும். விருந்தளிப்பவர் பதினைந்தாண்டு மூத்த பார்லி ஒயினைத் தூசி துடைத்துப் பெருமிதத்தோடு மேசைமேல் வைக்கும்போது, அதனோடு வாங்கிய மற்ற இரண்டும் என்னவாயின என்று வினவுதல் விருந்தினர்க்கு முறையன்று.