போத்தலில் வந்த எதிர்ப்புச் சக்தி

என்ன மகன், போத்தலை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு வாறாய்? எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுற பவுடரா? ஓ, விலையும் கூடத்தான் இருக்கும். இதிலே குந்து, உன்ட பவுடர் ஓடிப்போகாது.

எங்கட சாச்சியை நீ கண்டதில்லை. அப்ப இந்தக் கரைப்பக்கம் முழுக்கத் தென்னந்தோட்டம், பொச்சுமட்டை ஊறுற குழி. அந்த நாத்தத் தண்ணி நுளம்புக்கு மாமியார் வீடு மாதிரி. சாச்சிக்கு யானைக்கால் நோய், இடது கால் உரல் மாதிரி. தோல் மரப்பட்டையாத் தடிச்சு, விரலிடுக்கில நீர் கசியும். கலியாண வீட்டில மூலையாப் பார்த்துக் குந்தி, சீலைத் தலைப்பால காலை மூடிக்கொள்ளும்.

புழுதான் காலை வீங்க வெச்சது எண்டு ஊரே சொன்னது. புழு நல்லவன் எண்டு நான் சொல்லேல்ல. நுளம்பு கொண்டுவந்து விட, நிணநீர்க் குழாய்க்குள்ள ஆறேழு வருஷம் வாடகை குடுக்காமக் கிடக்கும். நூல் மாதிரி, பெண்புழு 8, 10 சென்ரிமீற்றர் வரும். ஆனா பொல்லாத சாதி. உன்ட உடம்புக் காவல்காரனைத் தாலாட்டி நித்திரையாக்கிப்போடும். ராவு பத்து மணிக்கு மேல ரத்தம் எடுத்துப் பார்த்தாக் குஞ்சுகள் நெளியும். ஆள் பகல்ல பந்தடிச்சுக்கொண்டு திரிவான். சாச்சி மாதிரிக் கால் பெருத்தவங்கட ரத்தத்திலயோ அநேகமா ஒண்டும் அகப்படாது.

ஏன் சொல்லு? அங்க காவல்காரன் முழிச்சிட்டான்! புழு செத்து உடைய, அதுக்குள்ள இருந்த வொல்பாக்கியா எண்ட பக்டீரியாவும் வெளிய வரும். அவ்வளவுதான், வெள்ளணுக்கள் பொல்லோட கூடிரும். அடிச்ச அடியில குழாய் புண்ணாகித் தழும்பேறும், நீர் வடிய வழியில்லாமக் கால் ஊதும். பிறகு விரலிடுக்குப் புண்ணால வேற கிருமி நுழையும், காய்ச்சல் வரும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் ஒரு சுத்துப் பெருக்கும். கள்ளன் செத்துக் கனகாலம். காவல்காரன் இன்னும் கூரையைப் பிடுங்கிக்கொண்டு நிக்கிறான். நீ அவனுக்குத்தானே பவுடர் கரைச்சுக் குடுக்கப்போறாய்?

1947இல இலங்கையில யானைக்காலை ஒழிக்க எண்டே ஒரு இயக்கம் தொடங்கினாங்க. 2002 தொடக்கம் 2006 வரைக்கும் எட்டு மாவட்டத்தில வருஷா வருஷம் குளிசை குடுத்தாங்க, எங்கட புத்தளமும் அதில ஒண்டு. நான் ஒருமுறை வாயில வெச்சு, அவங்க திரும்பினதும் வேலிக்குத் துப்பினேன். அதை உன்ட வாப்பாவுக்குச் சொல்லிராத. 2016இல இந்த நோய் இனி நாட்டுக்கு ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லையெண்டு உலக சுகாதார நிறுவனமே ஒத்துக்கொண்டது. நான் துப்பினதையும் தாண்டி!

சாச்சிக்குக் கடைசியில ஆறுதல் தந்தது சவுக்காரமும் தண்ணியும்தான். நாளுக்கு ரெண்டு தரம் கழுவி, விரலிடுக்கைத் துணியால ஒத்தி, படுக்கைக்குள்ள காலைத் தலையணையில தூக்கி வைக்கும். காய்ச்சல் வாறது குறைஞ்சுபோச்சு.

போத்தல் மூடி நல்ல இறுக்கமாத்தான் இருக்கு. பவுடரைக் கொட்டிட்டுத் தா மகன், மண்ணெண்ணெய் ஊத்தி வைக்க ஒண்டு தேடிக்கொண்டிருக்கிறேன்.