வெட்டுவதும் ஒட்டுவதும் ஒரே கை

கேள்வி: டி.என்.ஏ.வை வெட்டிவிட்டு, தானே ஒட்டியும் விடும் நொதி இருக்கிறதாமே? இடம் மாறி வெட்டிவிடாதா?

பதில்: பெரும்பாலும் மாறாது. பாக்டீரியாவைத் தாக்கும் பி1 வைரஸிடமிருந்து கிடைத்த ‘கிரீ’ என்ற நொதி, ‘லாக்ஸ்பி’ என்னும் 34 எழுத்து முகவரியைத்தான் தேடும். டி.என்.ஏ.வில் இப்படி இரண்டு முகவரிகள் இருந்து, அவை ஒரே திசை பார்த்தால் நடுவில் இருப்பவர் (அதாவது, இடையிலுள்ள டி.என்.ஏ. துண்டு) வெளியே. எதிரெதிர் பார்த்தால் நடுவில் இருப்பவர் தலைகீழ்!

எனக்குப் பிடித்தது அதன் கைவேலை. கத்தரித்த நூலின் நுனியை விரலிடுக்கில் பிடித்துக்கொள்ளும் தையல்காரர் மாதிரி, வெட்டிய முனையைத் தன்னிடமுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தோடு பிணைத்தே வைத்திருக்கும். பிணைப்பின் ஆற்றல் வீணாகாததால், மறுபடி ஒட்ட ஏ.டி.பி. எரிபொருள்கூட வேண்டாம். இதைவிடச் சிக்கனக்காரரை நான் பார்த்ததில்லை.

எலியின் மரபணு ஒன்றுக்கு இருபுறமும் லாக்ஸ்பியைச் செருகி, கல்லீரல் செல்களில் மட்டும் கிரீயை உருவாகவைத்தால், அங்கே மட்டும் அந்த மரபணு போய்விடும். உடல் முழுக்க நீக்கினால் கருவிலேயே இறந்துவிடும் எலியும் இப்படிப் பிழைத்து, ஆய்வுக்கு உதவுகிறது. 2007-இல் ஹார்வர்டு விஞ்ஞானிகள் இதே கிரீயைக் கொண்டு எலியின் நரம்பு செல்களுக்கு ஏறத்தாழ 90 நிறச்சாயல்கள் பூசினார்கள். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள், கண்ணுக்கு ஹோலிதான்!