பேஸ் கிட்டாருக்கு மாலை போடுவது யார்?

ஃபங்க், ஃபங்க் என்கிறார்களே, அது என்ன சங்கீதம்? (செங்கம் வாசகர்)

தாளத்தின் முதல் தட்டில் மொத்த பாரத்தையும் இறக்கிவிட்டு, மிச்ச இடங்களில் தட்டுவதுபோல் தட்டி ஏமாற்றுவது. 1960களின் நடுவில் ஜேம்ஸ் பிரவுன் கிளப்பிவிட்டார். பாடகரைவிட பேஸ் கிட்டாரும் டிரம்ஸும்தான் அதில் கதாநாயகர்கள். கேட்டும் கால் ஆடவில்லையென்றால் டாக்டரைப் பாருங்கள்.

இளையராஜா நம் ஊர் ரமணர்மீது 'ரமண மாலை' பாடியவர். அவரை ஃபங்க்கோடு சேர்க்கலாமா? (திருவண்ணாமலை, தேரடி வீதி வாசகர்)

நான் எங்கே சேர்த்தேன்? அமெரிக்காக்காரன் சேர்த்தான்! பிளாக் ஐட் பீஸ் குழு 2003இல் 'எலிஃபங்க்' என்று ஓர் ஆல்பம் போட்டது. அதில் 'எலிஃபங்க் தீம்' பாட்டு நிற்பதே 'ஸ்ரீ ராகவேந்திரர்' (1985) படத்தின் 'உனக்கும் எனக்கும்' மீதுதான். ரஜினியின் 100ஆவது படம், முழுப் பக்திப் படம். நாம் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தோம். அவர்கள் பேஸைக் கேட்டார்கள்.

யாரும் கண்டுகொள்ளாத ராஜா ஆல்பம் ஒன்று? (போளூர் வாசகி)

'காயத்ரி' (1977). 'அன்னக்கிளி' வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ராஜா என்றால் வயல், வரப்பு, தாலாட்டு என்று முத்திரை குத்தியிருந்த நேரத்தில், எழுத்தாளர் சுஜாதாவின் திகில் கதைக்குப் பட்டணத்து வாசனையோடு இசை. பி.எஸ். சசிரேகாவின் 'வாழ்வே மாயமா'வை ராத்திரி விளக்கணைத்துவிட்டுக் கேளுங்கள். 'காலைப் பனியில்' பாடியவரும் சுஜாதாதான். பயப்படாதீர்கள், இவர் பாடகி! தமிழில் அவருடைய ஆரம்பகாலப் பாட்டுகளில் ஒன்று அது.

அந்தக் காலத்து ராஜா பாட்டுகளில் வாசித்தவர்கள் யார் யார்? இசைத்தட்டு உறையில் தேடினேன், இல்லை. (ஆரணி வாசகர்)

எப்படி இருக்கும்? நாயகியின் முகத்துக்கே இடம் போதவில்லையே! ராஜாவின் குழுவில் ஆண்டுக்கணக்காக வாசித்தவர்களைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ் புருஷோத்தமன், கிட்டார் சதானந்தம், பேஸ் சசிதரன், கீபோர்டு விஜி மேனுவல், வயலின் வி.எஸ். நரசிம்மன், புல்லாங்குழல் நெப்போலியன். புருஷோத்தமனின் சகோதரர் சந்திரசேகர்தான் 'இளைய நிலா' (1982) கிட்டார். திரையில் மைக் பிடித்த நடிகர் மோகனுக்கு ஊரே கைதட்டியது. கிட்டார் பிடித்தவர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருப்பார்.

ராஜாதான் எல்லா நோட்ஸும் எழுதிக் கொடுத்துவிடுகிறாரே. வாசிக்கிறவருக்கு அதில் என்ன பெருமை? (வந்தவாசி வாசகர்)

எழுதிக் கொடுப்பார். தன்ராஜ் மாஸ்டரிடம் கற்ற வித்தை அது. ஆனால் தாளில் ஸ்வரம் இருக்கும், விரல் இருக்காது. ஒரு பேஸ் ஸ்வரத்தை மீட்டியதும் ஓட விடுவதா, உள்ளங்கையால் அமுக்கிச் சட்டென்று வாயடைப்பதா? ஃபங்க்கின் உயிரே அந்த அமுக்கலில்தான். போதாததற்கு, அன்றைய பதிவில் பாடகரும் மொத்தக் குழுவும் ஒன்றாகச் சேர்ந்து வாசிப்பார்கள். கடைசிச் சரணத்தில் ஒருவர் பிசகினாலும், எல்லோருக்கும் மறுபடி பல்லவி!

வெளிநாட்டில் மரியாதை கொடுத்திருப்பார்களே? (கலசப்பாக்கம் வாசகி)

நினைப்புதான். டெட்ராய்ட்டின் மோட்டவுன் கம்பெனியில் ஹிட் மேல் ஹிட்டாக வாசித்துத் தள்ளியவர்கள் 'ஃபங்க் பிரதர்ஸ்'. அதில் ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றைச் சுட்டுவிரலால் பேஸை மீட்டியே உலகத்தை ஆட்டியவர். மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971) உறையில்தான் ஒருவழியாக அவர்களுக்குப் பெயர் கிடைத்தது. பாட்டுக்கு விரல் கொடுத்தவருக்கு அச்சில் ஒரு வரி கொடுக்க அத்தனை வருஷம்!

நம் மாவட்டத்தில் பக்கவாத்தியத்துக்கு மரியாதை உண்டா? (செய்யாறு வாசகர்)

உங்கள் பக்கத்திலேயே தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை இருக்கிறது, போய்ப் பாருங்கள். கூத்தில் மத்தளம், முகவீணை, ஆர்மோனியம், பின்பாட்டு எல்லாம் ஆட்டக்காரர்களுக்குப் பின்னால், ஜனங்கள் கண் முன்னாலேயே விடிய விடிய உட்கார்ந்திருக்கும். கிரீடம் வைத்த துரியோதனனே மத்தளக்காரரை அனுசரித்துத்தான் அடி வைக்க வேண்டும். இசைத்தட்டு வந்துதான் வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் தள்ளியது.

பரணில் அப்பா வாங்கிய ராஜா தட்டுகள் கிடக்கின்றன. நல்ல விலை போகுமா? (வேட்டவலம் வாசகர்)

போகலாம். இங்கிலாந்தில் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற கம்பெனி ராஜாவின் 1977–83 பாட்டுகளைப் பொறுக்கி 'சொல்லச் சொல்ல' என்று ஆல்பமே போட்டது. முதலில் தட்டுகளைப் பரணிலிருந்து இறக்குங்கள். நம் ஊர் அக்னி நட்சத்திரத்துக்கு அப்பளமாக வளைந்துவிடும். படுக்கப்போடாமல் நிமிர்த்தி வையுங்கள். விற்பதற்கு முன் ஒருமுறை, பாடுகிறவரை விட்டுவிட்டு பேஸை மட்டும் தொடர்ந்து கேளுங்கள். அதன்பிறகும் விற்க மனசு வந்தால் விற்கலாம். வராவிட்டால் உறையில் பேனாவால் 'டிரம்ஸ்: புருஷோத்தமன்' என்று எழுதிவையுங்கள். கிறுக்கினால் விலை குறையும் என்பார்கள். குறையட்டுமே!